நிமிடத்துக்கு இருநூறு சொல்

கேட்க வேண்டிய ராப் ஆல்பம் எதெது என்று என்னிடம் விசாரிப்பவர்கள் இரண்டே வகை. கேலிக்குக் கேட்பவர்கள் ஒரு வகை. சுருக்கெழுத்துப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்து கேட்பவர்கள் இன்னொரு வகை. என் ஓரகத்தி முதல் வகை. "அக்கா காதுக்குள்ள யாரோ சண்டை போடுறாங்க, போய் விலக்கி விடுங்க மாமா" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வயதில் இதைத்தான் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பாதிச் சட்டங்களுக்குக் காரணமான விசாரணைகளை எழுதி எடுத்தவளே நான்தான். அப்படி எதுவும் அதில் இல்லை.

என் வேலை, விசாரணைக் குழுக்களின் முன்னால் பேசுகிறவர்களின் பேச்சை அப்படியே சுருக்கெழுத்தில் எடுப்பது. அரங்குக்குள் ஒலிப்பதிவுக்கு அனுமதி கிடையாது. நான் எழுதி, தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் பதிவு. அதில் இல்லாத பேச்சு, பேசப்படாத பேச்சு.

பரீட்சைக்கென்று விற்கும் பயிற்சி சி.டி.களில் ஒரு மனிதர் சிமென்ட் மூட்டை இறக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைப்பார். நிமிடத்துக்கு நூற்றிருபது சொல். சான்றிதழ் வாங்க அது போதும். வாங்கினேன், வேலையும் கிடைத்தது. அப்புறம் ஒருநாள் பஸ்ஸில், பக்கத்துச் சீட்டுக்காரரின் போனில் ஓடிய ராப் பாட்டில் ஒரு பெண் மூச்சு விடாமல் வாடகை வீட்டுக்காரனைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். என் விரல் தன்னால் மடியில் கோடு போட ஆரம்பித்தது. பத்து வினாடியில் தோற்றுப்போனேன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் பேசுவதை நான் எழுத முடியாதா?

ஐந்து வருடம் ஆனது. இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என் பட்டியலைக் கொடுக்கிறேன். முதலில் 'எட்டாவது மாடி'. அண்ணன் தம்பி இரண்டு பேர், லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மாடிக்கு ஒரு பாட்டாகப் பாடியது. படி ஏற ஏற அவர்களுக்கு மூச்சு வாங்கும், அதனால் எழுதுகிறவர்களுக்கு நல்லது. அடுத்து 'ரெண்டாவது ஷிப்ட்'. நூற்பாலை இயந்திரத்தின் ஓசையையே தாளமாக வைத்து ஒரு தொழிலாளி பாடியது. இயந்திரம் நிற்காது, அவரும் நிற்க மாட்டார். மூன்றாவது 'நாக்கு நீளம்'. பஸ்ஸில் என்னைத் தோற்கடித்தவள் பாடியது. ஏழாவது பாட்டில் நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்துச் சொல். அதை ஒரு சொல் விடாமல் எழுதி முடித்த அன்று, சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். ஓரகத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அலுவலகத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது, அந்த விசாரணை வரும்வரை.

செருப்புக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து, இரண்டாவது மாடியில் ஆறு பெண்கள் இறந்துபோனார்கள். கதவு வெளியே பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா என்பதுதான் கேள்வி. நிறுவனம் 'திறந்திருந்தது' என்றது. பூட்டியிருந்ததைப் பார்த்தவள் ஒருத்தி மட்டுமே. கீழே லேபிள் ஒட்டும் வேலை செய்தவள். இறந்த ஆறு பேரில் ஒருத்தி அவளுடைய தங்கை. இருபத்தைந்து வயது இருக்கும். சாட்சிக் கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தவள் நான்கு நிமிடத்துக்கு மூடவே இல்லை. அணை உடைந்தமாதிரிப் பேசினாள்.

"கொஞ்சம் மெதுவா சொல்லும்மா" என்று குழுத் தலைவர் மூன்று முறை சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை. என் பக்கத்தில் இருந்த சக சுருக்கெழுத்தர் பாதியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். முடித்ததும் அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். நல்ல கஞ்சி போட்ட சட்டை, நல்ல குரல். "ஐயா, சாட்சி பேசினது இங்க ஒருத்தருக்கும் புரியலை. புரியாத பேச்சைப் பதிவுல சேர்க்க முடியாது. திரும்ப நிதானமா சொல்லச் சொல்லுங்க, இல்லேன்னா நீக்கிடுங்க."

தலைவர் அவளைப் பார்த்தார். அவள் எழுந்து, "அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். நின்றாள். மறுபடி "அன்னைக்கு..." என்றாள்.

"நிறுத்தி நிறுத்திச் சொன்னா எனக்கு வராதுங்கய்யா. அழுகைதான் வருது."

"அப்ப சரி" என்றார் வக்கீல், ஏதோ ரசீது வாங்கிக்கொண்டவர்போல. குழுவின் துணைச் செயலாளர், என் மேலதிகாரி, என் பக்கம் குனிந்து, "சாட்சியின் பேச்சு வேகத்தால் பதிவு செய்ய இயலவில்லைன்னு போட்டுருங்க" என்றார்.

எனக்கு உச்சி மண்டைவரை சுர்ரென்று ஏறியது. பத்தொன்பது வருடமாக அந்த அரங்கில் நான் வாயைத் திறந்ததில்லை. மேசை, நாற்காலி, நான் எல்லாம் ஒன்று.

எழுந்து நின்றேன். "முழுசா எழுதியிருக்கேன் ஐயா."

"உங்க வேலை எழுதுறது, பேசுறது இல்ல" என்று துணைச் செயலாளர் பல்லைக் கடித்தார். "உட்காருங்க. அடுத்த மாசம் எங்க உட்காருவீங்கன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

பயமாகத்தான் இருந்தது. வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருடம் பாக்கி. ஆனாலும் உட்காரவில்லை.

வக்கீல் சிரித்தார். "அம்மாவோட சான்றிதழ் நூத்தியிருபது சொல்லுக்கு. சாட்சி பேசினது இருநூறு இருக்கும். மிச்ச எண்பதும் அம்மாவோட சொந்தச் சரக்கா?"

"சோதிச்சுப் பாருங்க" என்றேன். "இங்கேயே, இப்பவே. நீங்களே படிங்க சார், எவ்வளவு வேகமா வேணும்னாலும் படிங்க."

தலைவர் ஓய்வு பெற்ற பொறியாளர். காலையிலிருந்து கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தவர், இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். வக்கீல் தன் மனுவையே எடுத்துப் படபடவென்று படித்தார். மூன்றாவது வரியில் நாக்கு குழறியது, ஐந்தாவது வரியில் இருமல் வந்தது. நான் எழுதி முடித்துவிட்டு, அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நூத்தி நாப்பது" என்றார் தலைவர், நான் படித்துக் காட்டியதை மனுவோடு சேர்த்து எண்ணிப் பார்த்துவிட்டு.

"அதுக்கு மேல மனுஷன் பேச முடியாது ஐயா!"

"பேசுவாங்க சார்" என்றேன். "ராப் ஆல்பம் ஏதாவது போடுங்க. எழுதிக் காட்டுறேன்."

துணைச் செயலாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அந்த ரவுடிப் பாட்டா?" என்றார் வக்கீல். "இது விசாரணை அரங்கம். அதுவும் இல்லாம, அம்மா எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க."

மனப்பாடம் என்றது நியாயமான பேச்சு. அப்போது வக்கீலுக்குப் பின்னால் இருந்த அவருடைய உதவி வக்கீல் தொண்டையைச் செருமினார். நாற்பது வயது தாண்டியவர், பாதி வழுக்கை. காலையிலிருந்து கோப்புகளை எடுத்துக் கொடுப்பதைத் தவிர எதுவும் செய்யாதவர்.

"ஐயா, என்கிட்ட ஒண்ணு இருக்கு. இன்னைக்குக் காலைல பத்து மணிக்குத்தான் வெளியாச்சு. அந்த நேரத்துல அவங்க இங்கதான் உட்கார்ந்திருந்தாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலாவது பாட்டு ரொம்ப வேகம்னு சொல்றாங்க. வரியெல்லாம் எழுத்துலயும் குடுத்திருக்காங்க, சரிபார்த்துக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவருடைய பெரிய வக்கீல் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் பொசுங்கியிருப்பார்கள். இந்த மனிதர் போனைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நம் ஆட்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள்.

பாட்டு ஓடியது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் மாறி மாறி, குழாயில் தண்ணீர் வராத தெருவைப் பற்றி. பையன் நிதானம். அவள்தான் ராட்சசி. நான் தலை நிமிரவில்லை. தாளம் எனக்கு எப்போதும் துணை, எந்தச் சொல் எங்கே விழும் என்று கொஞ்சம் முன்னாலேயே கை காட்டிவிடும். அந்தப் பெண் கூண்டில் நின்று பேசியபோது அந்தத் துணைகூட இல்லை. அதை எழுதியவளுக்கு இது எம்மாத்திரம்?

பிறகு படித்துக் காட்டினேன். நாற்காலியில் ஒட்டிக்கொண்ட பெரிய மனிதர்களைப் பற்றி நான்கு வரி வந்தது. அதில் இரண்டு கெட்ட வார்த்தைகள். அரங்கில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தைகள். செய்தி வாசிப்பதுபோல வாசித்தேன். தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

தலைவர் திருப்பிக் கொடுத்த போனிலிருந்து உதவி வக்கீல் தலையைத் தூக்கினார். "ஒரு இடத்துல 'வந்தான்'னு இருக்கு, இவங்க 'வந்தாங்க'ன்னு எழுதியிருக்காங்க. மத்ததெல்லாம் சரி ஐயா. நிமிஷத்துக்கு இருநூத்தி நாலு."

"சரி" என்றார் தலைவர். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. "இப்ப சாட்சி சொன்னதைப் படிங்க."

குறிப்பேட்டைப் பின்னால் புரட்டினேன். கூண்டில் மறுபடி உட்கார்ந்துவிட்டிருந்தவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"பொகை வந்ததும் மேல ஓடினேன் கதவு வெளிய பூட்டியிருக்கு எப்பவும் பூட்டித்தான் வைப்பாங்க செருப்பு திருட்டுப் போகுதாம் சாவி மேனேஜர்கிட்ட கீழ ஓடினேன் சார் சாவி குடுங்கன்னேன் ஃபயர் வண்டி வரட்டும் இப்ப தெறந்தா சரக்கு பூரா வெளிய போயிடும்னாரு கால்ல விழுந்தேன் காலை இழுத்துக்கிட்டாரு திரும்ப மேல ஓடினேன் உள்ளேருந்து என் தங்கச்சி குரல்."

நான் நிறுத்தி நிதானமாகத்தான் படித்தேன். ஒவ்வொரு சொல்லும் எல்லோருக்கும் கேட்டது. முன்வரிசையில் இருந்த மேனேஜர் வக்கீலின் சட்டைக் கையைத் தொட்டார். வக்கீல் கையை நகர்த்திக்கொண்டார்.

"அக்கா கதவத் தெற" என்று படித்தேன். "அக்கா கதவத் தெற. அக்கா கதவத் தெற. அக்கா கதவத் தெற."

துணைச் செயலாளர் எழுந்தார். "ஒரே வாக்கியம்தானே? ஒரு தடவை போட்டு, பலமுறை கூறினார்னு எழுதினாப் போதும். அதுதான் நடைமுறை."

நடைமுறை அதுதான். எனக்குத் தெரியாதா? நானே எத்தனையோ முறை அப்படி எழுதியிருக்கிறேன்.

"பதினோரு தடவை சொன்னாங்க சார்" என்றேன். "பதினொண்ணும் எழுதியிருக்கேன். பதினொண்ணும் படிப்பேன். எந்த ஊருக்கு வேணும்னாலும் அப்புறம் மாத்துங்க."

தலைவர் துணைச் செயலாளரைப் பார்க்காமலேயே, "படிங்கம்மா" என்றார்.

மீதி ஏழையும் படித்தேன். ஆறாவதில் என் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. பிறகு கடைசி வரி: "அதுக்கப்புறம் அவ கூப்பிடலை."

"இது நீங்க சொன்னதுதானா?" என்று தலைவர் அவளைக் கேட்டார்.

அவள் கம்பியைப் பிடித்து எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜரை நேராகப் பார்த்தாள். நான் புதுப் பக்கம் திருப்பிப் பேனாவோடு காத்திருந்தேன்.

"ஆமா" என்றாள்.

எழுதிக்கொண்டேன்.