சூளைக்கு மட்டும் பழசு

“இது ஓடி முடியறதுக்குள்ள டீ வாங்கியாந்துடறேன். நீ எதையும் அமுத்தி வைக்காத” என்று சொல்லிவிட்டு ஜெயராஜ் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சூளைக் கொட்டகையில் இருந்த கணினியில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பழைய பிரவுசரில் பேங்க் பக்கம் திறக்கவே மாட்டேன் என்றது. சூளையில் வேகவைக்க வேண்டிய பீங்கான் பியூஸ் கட்டைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டிக்கொண்டிருந்த அமுதவள்ளி நிமிரவில்லை. “சக்கர கம்மியா போடச் சொல்லுங்க” என்றாள். தொழிற்பேட்டை முனையில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பிளாஸ்க் மட்டும் உடையாமல் வீடு வந்தது.

காரியமெல்லாம் முடிந்து கொட்டகையைத் திறந்தபோது, மறுபடி தொடங்கவா என்று திரை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. தொடங்கு என்றாள். எல்லாம் புதுசாகப் பளபளத்தது, சூளையை ஓட்டும் நிரல் மட்டும் திறக்கவில்லை. அது ஜெயராஜ் தானே எழுதியது. அதன் மூல வரிகளை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது.

புது கன்ட்ரோலர் பெட்டி வாங்கிவிடச் சொன்னார்கள். பெட்டி சூடேற்றும்தான். ஆனால் அதற்கு அவளைத் தெரியாது. கல்யாணமான புதிதில், ஆசை தாங்காமல் சூளை ஆறும் முன்பே அவள் கதவைத் திறந்துவிட்டாள். குளிர்காற்று பட்டு சூளை நிறைய இருந்த பீங்கானெல்லாம் டிங் டிங்கென்று விரிசல் விட்டது. ஜெயராஜ் திட்டவில்லை. அதற்குப் பதிலாக நிரலில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். சூளை ஆறும் நேரமெல்லாம் திரையில் அது பெரிதாக நிற்கும். வாடிக்கையாளர்கள் படித்துச் சிரிப்பார்கள். எடுத்துவிடுங்க என்று அவள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள்.

ஜெயராஜோடு பாலிடெக்னிக்கில் படித்த வாசுகி, கடலூரில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தாள்.

“நிரலுக்கு ஒண்ணும் ஆகல அமுதா. சூட்டை அளக்கறதுக்கு அது ஒரு லைப்ரரிய, அதாவது தனியா இருக்கற ஒரு துணை நிரலக் கூப்புடுது. சிஸ்டம் புதுசானப்ப அந்தப் பழைய லைப்ரரியத் தூக்கிட்டு புதுசு வச்சிருக்குது. புதுசோட பேரு தெரியாம இவன் வாசல்லயே நிக்கிறான்.”

வாசுகி முதலில் புதியதற்கே பழைய பெயரைச் சூட்டிப் பார்த்தாள். நிரல் திறந்தது. குளிர்ந்து கிடந்த சூளையைத் தொள்ளாயிரம் டிகிரி என்று காட்டியது. பூச்சு வேலை செய்யும் மாரியம்மாள் சூளைக்குள் தலையை நீட்டினாள்.

“தொள்ளாயிரமா? உள்ள பூன குட்டி போட்டுத் தூங்கலாம் போல இருக்குது.”

வாசுகி சிரித்தபடி அதை அழித்தாள். “வேற ஆளுக்கு அவன் சட்டைய மாட்டிவுட்டா அவனாயிடுவானா? பழசத்தான் தேடணும்.”

“கெடைக்குமாக்கா?”

“கெடைக்கும். எவனோ ஒரு புண்ணியவான் எங்கியாவது எடுத்து வச்சிருப்பான்.”

பழைய பதிப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஓர் இணையக் கிடங்கில் அது கிடைத்தது. முகம் தெரியாத அந்த ஆளை அமுதவள்ளி மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். வாசுகி அதைத் தனியாக ஒரு கோப்புறையில் வைத்து, சூளை நிரல் மட்டும் முதலில் அங்கே தேடும்படி இரண்டு வரி எழுதினாள்.

“ஊரெல்லாம் புதுசாவே இருக்கட்டும். இவனுக்கு மட்டும் பழசு. ஜெயராஜ் எழுதுனதுல ஒரு எழுத்தக்கூட நான் தொடல.”

திரை இப்போது முப்பத்துநாலு என்றது. மாரியம்மாள் மறுபடி கையை விட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். ஜெயராஜ் இருந்தபோது அடுக்கிவைத்தது அப்படியே இருந்த கட்டைகளோடு கதவைச் சாத்திச் சூளையை ஏற்றினார்கள்.

வாசுகியைப் பஸ் ஏற்றிவிடும்போது அமுதவள்ளி அவள் பையை எடுத்துக் கொடுத்தாள். “சாப்டாமயே போறீங்களேக்கா” என்றாள்.

“அடுத்த தடவ மீன் கொழம்பு வச்சிடு. போயிட்டு வரேன்.”

மறுநாள் சூளை ஆறத் தொடங்கியிருந்தது. அமுதவள்ளி சூளைக் கதவை விட்டுத் தள்ளி, கொட்டகையின் மறுகோடியில் உட்கார்ந்து, டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

‘அமுதா, கதவுலேர்ந்து கைய எடு.’