இரண்டாவது பொட்டலம்

சூளையிலிருந்து வந்த பீங்கான் வில்லைகளைத் தட்டினால் கணீரென்றிருந்தது. பார்க்கவும் பளபளவென்று. மின்சாரம் ஏற்றிச் சோதித்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. மின்தேக்கிக்கென்று செய்த நாலாயிரம் வில்லையும் ஓட்டைப் பானையாகக் கசிந்தன.

என்ஜினியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பொடிகளை நிறுத்துப் பொட்டலம் கட்டுவது அண்ணி, கலந்து அரைப்பது நான். அண்ணி என் கணவரின் அக்கா. இந்த வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். திரையில் நுண்ணோக்கிப் படம். ரவை போலச் சீராக இருக்க வேண்டிய மணிகள் பட்டாணியாக ஊதியிருந்தன. இடையிடையே கண்ணாடி போல ஒரு படலம்.

“பிஸ்மத் ஜாஸ்தியாயிருக்கு. கிலோவுக்கு அஞ்சு கிராம்தானே?”

மஞ்சள் நிறத்தில் இருக்கும் அந்த அஞ்சு கிராம் பொடியில்தான் எல்லாம் இருக்கிறது. சூளையில் முதலில் உருகி, மணிகளை ஒட்டவைத்து, குறைந்த சூட்டிலேயே ஓட்டைகளை அடைத்துவிடும். கூடிப்போனால் மணிகளுக்கு நடுவே தங்கிக் காரியத்தையே கெடுக்கும்.

போன செவ்வாய்க்கிழமை அரவை இயந்திரத்தின் முன் நின்றபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன். மாமியாருக்கு மூச்சுத் திணறலாம். பேசிவிட்டுத் திரும்பினால், பிஸ்மத் போட்டேனா இல்லையா என்று சுத்தமாக நினைவில்லை. குழம்புக்கு உப்பென்றால் நாக்கில் வைத்துப் பார்க்கலாம். இந்தச் சனியனை என்ன செய்வது? போடாமல் விட்டால் வில்லை பிஸ்கட்டாக உதிரும். அவசரத்துக்கு வைத்திருந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன். மூன்று வாரமாக நானும் அண்ணியும் முறை போட்டு ஆஸ்பத்திரியில் கண்விழிக்கிறோம். மூளை அவ்வளவுதான் ஓடியது.

“நான்தான் சார்,” என்றார் அண்ணி. “எடை பார்க்கறப்ப கண்ணு மங்கியிருக்கும். தூக்கமே இல்ல.”

எனக்காகச் சொன்ன பொய்யில்லை, நிஜமாகவே நம்பினார். தன் கையைத் தானே நம்ப முடியாத அளவுக்குக் களைத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை. மூன்றாவது வந்தால் வீட்டுக்குத்தான். எனக்கோ வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள். வாயைத் திறந்தால் நான் காலி. திறக்காவிட்டால், மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் எழுந்து கொடுக்கும் நாற்காலியில் எந்த மூஞ்சியோடு உட்காருவது?

என்ஜினியர் படிவத்தில் அண்ணியின் பெயரை எழுத ஆரம்பித்தார்.

“எழுதாதீங்க சார்,” என்றேன். “அவங்க எடை சரிதான். நான்தான் மறந்துபோய் ரெண்டு பொட்டலம் கொட்டிட்டேன்.”

அண்ணி என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“அப்ப நான் சரியாத்தான் நிறுத்தேனா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நக இடுக்குகளில் பிஸ்மத்தின் மஞ்சள் நிறம் அப்பியிருந்தது.