காப்புக் கட்டியவர்

முள்ளிப்பட்டு கன்னியம்மனுக்கு ஆடியில் காப்புக் கட்டிக்கொண்டவன், கரகம் இறங்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காப்பை அறுத்துவிட வேண்டியதுதான். கோயில் எந்த ராஜா கட்டியதோ, சுவரில் வெட்டிய எழுத்தை ஊரில் எவனுக்கும் படிக்கத் தெரியாது. இந்தச் சட்டம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

கரகம் எடுப்பது குப்புராஜ். அவர் விலகினால் எடுக்க, பங்காளி எல்லப்பனும் காப்புக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். சில வருஷத்துக்கு முன்னால், "உன் மச்சான் செத்துட்டாரு" என்று எவனோ போன் செய்தான். குப்புராஜ் அலறியடித்துக்கொண்டு தேவிகாபுரத்துக்கு ஓடினார். மச்சான் வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். திரும்பி வருவதற்குள் கரகம் எல்லப்பன் தலைக்கு ஏறிவிட்டது. யார் செய்த வேலை என்று குப்புராஜ் எவனையும் கேட்கவில்லை. மனசுக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டார்.

இந்த வருஷம் கரகத்துக்கு முந்தின நாள், தறியில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. புது நம்பர். பேசியது மருமகன் பிரபாகரன். களம்பூர் ரைஸ்மில்லில் வேலை. எல்லப்பனுக்குத் தங்கை மகன்.

"மாமா, எழிலரசிக்கு நெஞ்சு வலி. வேலூர் ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். ஜல்தியா கெளம்பி வாங்க."

"இது யாரு நம்பரு?"

"பக்கத்து பெட்டுக்காரருது. என்துல சார்ஜ் இல்ல."

"அவகிட்ட குடு."

"பேச முடியாதுங்க மாமா. மூக்குல குழா வெச்சிருக்காங்க."

"நேத்துதான் மாவிளக்கு போட வரேன்னு வாய் ஓயாம பேசிகினு இருந்தா. இன்னிக்கு பேச முடியாதா? உன் மாமன் எல்லப்பன் சொல்லிக் குடுத்தானா? நான் பஸ் ஏறணும், கரகம் அவன் தலைல ஏறணும். பொண்டாட்டிய வெச்சி நாடகம் ஆடுறியேடா, வெக்கமா இல்ல? அவளும் கூட்டா?"

"அய்யோ மாமா, சத்தியமா..."

போனை அணைத்துவிட்டார். ஆனால் தறி ஓடவில்லை. தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே பெண். பொழுது சாயும்போது எல்லைக் கல் வரை நடந்தார். ஒரு கால் எடுத்து வைத்தால் போதும். வைக்கவில்லை.

விடிந்ததும் எல்லப்பன் வந்தான்.

"அண்ணா, எழிலு போயிடுச்சுண்ணா."

"காலங்காத்தால வந்துட்டியா? இதையே கோயில் வாசல்ல நின்னு சொல்லு, பாக்கலாம்."

எல்லப்பன் வலது கையை நீட்டினான். மணிக்கட்டில் காப்பு இல்லை. மஞ்சள் கறைதான் இருந்தது.

"நேத்தே அறுத்துப் போட்டுட்டு வேலூர் போனேன். அங்கிருந்துதான் வரேன். நீ போன் எடுக்கவே இல்லியே."

கரகத்துக்காகக் காத்துக்கிடந்தவன் கை அது. அதைப் பார்த்த பிறகுதான் குப்புராஜ் நம்பினார். தன் காப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

களம்பூரில் எழிலரசியை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். பிரபாகரன் திட்டுவான் என்று நினைத்தார். திட்டவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாளாப்பா?"



"போனை ஸ்பீக்கர்ல போட்டு அவ பக்கத்துலதான் வெச்சிருந்தேன் மாமா. உங்க குரல் கேட்டா தெம்பா இருக்கும்னு."

குப்புராஜ் மகள் காதருகே குனிந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது.