சனிக்கிழமை பம்பாய் விமானம்

சஹ்யா ஏர்வேஸ் கம்பெனி கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம் அரங்கசாமி நாயுடுதான் என்று கிருபாசங்கர் எல்லோரிடமும் சொல்வான். அது வெறும் உபசார வார்த்தை இல்லை.

தொண்ணூற்றைந்தில் அந்தக் கம்பெனி ஒரு புதிய திட்டம் போட்டது. லண்டன் வழியாக நியூயார்க் போகும் ஒரு வெளிநாட்டு விமானத்தோடு கூட்டுச் சேர்ந்து, சிறிய ஊர் ஒன்றிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரே டிக்கெட்டில் ஆட்களை அனுப்புவது. மத்தியானம் ஏறினால் பம்பாயில் மாறி, மறுநாள் அட்லாண்டிக்கைத் தாண்டிவிடலாம். பெட்டியை நியூயார்க்கில் வாங்கிக்கொண்டால் போதும். மங்களூர், நாக்பூர், கோயம்புத்தூர் மூன்றையும் வைத்துக்கொண்டு எந்த ஊர் என்று பம்பாயில் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கோயம்புத்தூர் கிளையின் மேனேஜரான கிருபாசங்கருக்கு அப்போது முப்பது வயது. எப்படியாவது தன் ஊருக்கு இதை வாங்கிவிட வேண்டும் என்று அலைந்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருந்த அரங்கசாமி நாயுடுவைப் பார்த்துச் சொன்னான். அவருடைய ஒரே மகன் அபிலாஷ் அமெரிக்காவில், ஒஹையோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரட்டுமுங்க தம்பி. நம்மூர்ல ஊட்டுக்கு ஒருத்தரு அங்க இருக்காங்க. மெட்ராஸ் போயி, பம்பாய் போயி அல்லாடிக்கிட்டு இருக்கறோம்" என்றார் அவர்.

சொன்னதோடு நிற்கவில்லை. தன் காரிலேயே அவனை ஏற்றிக்கொண்டு மில்காரர்களிடமும் பவுண்டரிக்காரர்களிடமும் போனார். உங்கள் ஆட்கள் இதில்தான் போகவேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கிக்கொடுத்தார். பம்பாயிலிருந்து வந்த அதிகாரிகளுக்குத் தன் வீட்டிலேயே விருந்து வைத்தார். ஊர் முடிவானது. முதல் விமானம் பீளமேட்டில் இறங்கிய அன்று அவருடைய மனைவி பங்காரம்மா ஆரத்தி எடுத்தார்.

விமானம் சனிக்கிழமைதோறும் ஒரு வருஷம் ஓடியது. பெரும்பாலும் நிறைந்துதான் போனது. ஆனால் கம்பெனி வைத்திருந்த விமானங்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வாடகைக்கு எடுத்தவை. மற்ற ஊர்களில் நஷ்டம். வாடகை கட்டுவது நின்றுபோயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலை பம்பாயிலிருந்து டைரக்டர் போனில் கூப்பிட்டார். சனிக்கிழமை விமானம் வருவது சந்தேகம் என்றார். விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆட்கள் வந்திருக்கிறார்கள், பேச்சு நடக்கிறது, விஷயம் வெளியே கசிந்தால் கம்பெனி அன்றோடு முடிந்துவிடும். வழக்கம்போல டிக்கெட் கொடு, யாரிடமும் மூச்சு விடாதே என்றார்.

அதே சனிக்கிழமை விமானத்தில்தான் கிருபாசங்கரின் தாய் நஞ்சம்மாளும் போவதாக இருந்தது. நியூஜெர்சியில் இருந்த மகள் லோகப்பிரியாவுக்கு இது பேறுகாலம். ரத்தக்கொதிப்பு ஏறி, டாக்டர்கள் அவளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கிருபாசங்கர் மத்தியானமே வீட்டுக்குப் போனான்.

"அம்மா, இன்னிக்கே ரயில்ல மெட்ராஸ் போயி அங்கிருந்து கிளம்பீருங்க. வேற கம்பெனில டிக்கெட் போட்டுட்டேன்."

"ஏங்கண்ணு, உங்க ப்ளேனுக்கு என்னாச்சு?"

"சனிக்கிழமை அது வராது போல இருக்குதுங்மா. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

நஞ்சம்மாள் மறுபேச்சுப் பேசாமல் புடவைகளை எடுத்து வைத்தார். அன்றே ரயிலேறினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் திறந்தவுடன் அரங்கசாமி நாயுடு வந்தார். சவரம் செய்யாத முகம். எதிரே உட்காரக்கூட இல்லை.

"தம்பி, அபிலாஷுக்கு ஆக்சிடென்ட் ஆயிப்போச்சுங்க. பனில கார் சறுக்கிப்போச்சாம். தலைல அடி. மெஷின்லதான் மூச்சு போகுதாம். சீக்கிரம் வந்து பாத்துக்குங்கன்னு டாக்டரு போன்ல சொல்றாரு. நாளைக்கு நம்ம ப்ளேன்ல ஒரு சீட் போடுங்க."

முன்பு ஒரு மெஷின் கண்காட்சிக்குப் போக வாங்கிய அமெரிக்க விசா அவரிடம் இருந்தது. வேறு தடை எதுவும் இல்லை.

"அய்யா..." என்றான் கிருபாசங்கர். மெட்ராஸ் ரயில் அன்று சாயங்காலம் இருந்தது. அம்மாவை அனுப்பிய அதே வழி. வாய் வரைக்கும் வந்துவிட்டது. கவுன்ட்டரில் இரண்டு பேர் டிக்கெட் வாங்க நின்றிருந்தார்கள். கம்பெனியில் அவன் சேர்த்துவிட்ட பையன்களும் பெண்களும் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவருக்குத் தெரிந்தால் மத்தியானத்துக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிடும் என்று நினைத்தான். பேச்சு முடிந்து விமானம் வந்தாலும் வந்துவிடும் என்றும் நினைத்தான்.

"என்னுங்க, சீட் இல்லீங்களா?"

"இருக்குதுங்கய்யா."

தானே டிக்கெட்டை எழுதிக் கொடுத்தான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இந்த ப்ளேனைக் கொண்டாந்ததுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்னு தெரியலீங்க" என்றார்.

சனிக்கிழமை விமானம் வரவில்லை. பீளமேட்டில் பயணிகள் பெட்டிகளோடு காத்திருந்தார்கள். கிருபாசங்கர் முதலில் தாமதம் என்று சொன்னான், பிறகு கோளாறு என்றான், வெயில் தாழ்ந்தபோது கம்பெனியே நின்றுவிட்டது என்று சொல்லவேண்டி வந்தது. சத்தம் போட்டவர்கள் நடுவே அரங்கசாமி நாயுடு மட்டும் பெட்டியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். டிரைவரிடம் மெட்ராஸ் என்றார்.

விடிய விடிய ஓட்டிப் போய், ஞாயிற்றுக்கிழமை பூராவும் மெட்ராஸ் விமான நிலையத்தில் கெஞ்சி, கடைசியில் ஒரு சீட் வாங்கினார். லண்டனில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது, அபிலாஷ் அதற்கு முன்பே இறந்துபோனதாகச் சொன்னார்கள். மூன்று நாள் கண் மூடியே கிடந்தவன், வாயிலிருந்த குழாயை எடுத்த பிறகு கடைசியில் ஒரு முறை விழித்து, பக்கத்தில் இருந்த நண்பனிடம் அப்பா வந்தாச்சா என்று தெலுங்கில் கேட்டானாம். அந்த நண்பனுக்குத் தெலுங்கு தெரியாது. கேட்ட சத்தத்தை நினைவு வைத்திருந்து பிறகு அவரிடம் சொன்னான்.

உடலோடுதான் அவர் திரும்பினார். மெட்ராஸிலிருந்து வேனில் கொண்டுவந்தார்கள். கிருபாசங்கர் எல்லோருக்கும் முன்னால் நின்று எல்லா வேலையும் செய்தான். மயானம் வரை நடந்தான். "தம்பி இல்லீன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்" என்று பங்காரம்மா உறவுக்காரர்களிடம் சொன்னார். அவன் தூணோரம் போய் நின்றுகொண்டான்.

லோகப்பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் தேறினார்கள். நஞ்சம்மாள் சித்திரையில் ஊர் திரும்பினார். வந்த மறுநாளே துக்கம் கேட்கப் போகவேண்டும் என்றார். கிருபாசங்கர் ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டான். பிறகு வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனான்.

இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுகை ஓய்ந்ததும் பங்காரம்மா மகளைப் பற்றியும் பேத்தியைப் பற்றியும் விசாரித்தார்.

"நல்லா இருக்கறாங்க. நான் அங்க எறங்குன அன்னிக்குத்தானுங்க வலி கண்டுச்சு" என்றார் நஞ்சம்மாள். "சனிக்கிழமைக்குக் காத்திருந்தா எம் பொண்ணு பாடு என்னாயிருக்குமோ. ப்ளேன் வராதுன்னு தம்பிக்கு வியாழக்கிழமையே தெரிஞ்சுதுங்காட்டி, என்னை ரயிலேத்தி உட்டுட்டான்."

பங்காரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். நஞ்சம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரியவில்லை.

அரங்கசாமி நாயுடு நாற்காலியை விட்டு எழவில்லை. "தம்பி, நான் ஆபீசுக்கு வந்தது வெள்ளிக்கிழமைங்களா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப தெரியுமுங்களா?"

கிருபாசங்கர் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியுமுங்க. வந்தாலும் வந்துரும்னு..."

"சொல்லியிருந்தா ரயிலுக்குப் போயிருப்பனுங்களே" என்றார் அவர். குரல் உயரவே இல்லை. "கண்ணு முழிச்சுக் கேட்டானுங்க தம்பி. நான் பக்கத்துல இருந்திருப்பேன்."

பங்காரம்மா நஞ்சம்மாளின் கையை விட்டுவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"போயிட்டு வாங்க" என்றார் அரங்கசாமி நாயுடு. அதற்குமேல் அவன் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நஞ்சம்மாள் கேட்டார். "அவரு உன்கிட்ட வந்து பையன் சாகக் கிடக்கறான்னு சொன்னாரா?"

"சொன்னாருங்மா."

"அதைக் கேட்டுட்டா டிக்கெட்டை எழுதிக் குடுத்தே?"

அவன் கம்பெனி, டைரக்டர், வேலை செய்த பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டே போனான். நஞ்சம்மாள் பாதியில் எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே சத்தியமங்கலத்தில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். கிருபாசங்கர் மாதம் ஒரு முறை பஸ்ஸேறிப் போய், வீட்டுக்கு வாங்கம்மா என்று கூப்பிடுவான். அவனுக்குச் சோறு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வருகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டார்.

அடுத்த வருஷம் வேறொரு விமானக் கம்பெனி புதிய ஊர்களைத் தேடிக்கொண்டு கோயம்புத்தூர் வந்தது. ஊரில் யாரைப் பார்க்கலாம் என்று கிருபாசங்கரிடம் கேட்டார்கள். எனக்கு யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டான். மெட்ராஸில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை கிடைத்து, அந்த மாதமே அங்கே குடிபோனான்.