ஜீப்புக்குக் கூவாத நாள்

எங்கள் எஸ்டேட் வெள்ளக்கடை ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. காப்பிப்பழம் பறிக்கும்போது மூடுபனியில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கூவித்தான் பேசிக்கொள்வோம். காட்டெருமை இறங்கினால் நீளமாக இரண்டு கூவல். எந்த ஜீப் ஏறினாலும் குட்டையாக ஒன்று; மேனேஜராக இருக்கலாம். வெற்றிலை போட உட்கார்ந்தவர்கள் எழுந்து கூடையைத் தூக்கிக்கொள்வார்கள். அந்த நாளில் ஒருவர் கூவினால் சரிவு சரிவாகக் கைமாறிக் கொட்டச்சேட்டுப் பக்கம் வரை போகும். ஆராயியின் கூவலைக் கேட்டுத்தான் நான் பெண் கேட்டுப் போனேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

இப்போது பக்கத்தில் ஒரு ரிசார்ட். சனிக்கிழமை மதியமே வெளியே ஸ்பீக்கர் அலறும். போன மாதம் காட்டெருமையைப் பார்த்துக் கூவினேன். ஆராயிக்குக் கேட்கவில்லை. அவள் நிமிர்ந்தபோது அது எதிரில் நின்றது. நல்லவேளை, தானாக விலகிப் போனது.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு பொன்னுவேல் இரண்டு சனிக்கிழமை ஜீப்பில் வந்தார். இரண்டு தடவையும் ஸ்பீக்கர் மூச்சுவிடவில்லை.

"ஏனுங்க, எங்க ஊட்டு மிக்ஸியே இதவிட நொம்ப சத்தம் போடுமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரிசார்ட் வாட்ச்மேன் மாதேஷ் எங்கள் எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்தவன். கேட்டில் சிரித்துக்கொண்டு நின்றான்.

"ஏண்டா, போலீஸ் வர்றத உனக்கு யாரு சொல்றா?"

"நீங்கதானுங்க மாமா. கீழ வளைவுல ஜீப்பத் திருப்புனா நீங்க கூவறீங்க. நான் ஸ்பீக்கருக்குப் பொறத்தால நிக்கறன், நல்லாக் கேக்குது. உடனே அணைக்கச் சொல்லிருவன். எனக்கும் பொழப்பு ஓடோணுமில்லீங்க."

ஆராயியிடம் சொன்னேன். "அப்ப அவனுக்குச் சம்பளமில்லாத வாட்ச்மேன் நாமதானுங்க," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை யாரும் கூவக்கூடாது என்று பேசிக்கொண்டோம். பொன்னுவேலிடமும் விஷயத்தைச் சொல்லி, இன்னொரு தடவை வரச் சொன்னேன். ஜீப் ஏறியது. தொண்டை வரை வந்ததை எல்லோரும் விழுங்கினோம். பக்கத்துச் செடியில் பறித்துக்கொண்டிருந்த கண்ணாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பொன்னுவேல் உள்ளே போனார். அனுமதி இல்லாத ஸ்பீக்கரை ஜீப்பில் ஏற்றினார்.

"இன்னொன்னு வாங்கியாந்து வெப்பாங்க. அப்பவும் இதேமாதிரி கம்முனு இருங்க," என்று என்னிடம் சொன்னார்.

ஜீப் இறங்கி மறைந்தது. சரிவு அமைதியானது. சும்மா ஒரு கூவல் விட்டேன். பிறகு பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. வயதில் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனாலும் ஆராயிதான்.