ஒரே அளவில் இரண்டு

கட்டிலில் இரண்டு கவுன்களையும் பக்கம் பக்கமாக விரித்துப் போட்டுவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் சற்றுப் பின்னால் வந்து நின்று பார்த்தான். இரண்டும் ஒரே கத்தரிப்பூ நிறம். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டி, இடுப்பில் நாடா, பக்கத்துக்கு ஒரு பை. வேலை முடிந்ததும் கூண்டின் தரையும் மாடியின் தரையும் சேரும் இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பது அவன் வழக்கம். மட்டம் ஒரு விரல் ஏறினாலும் இறங்கினாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். அந்தப் பழக்கத்தில் கவுன்களின் விளிம்பையும் தடவினான். மட்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் பள்ளி திறக்கிறது. முதல் நாள் மட்டும் சீருடை இல்லாமல் வரலாம். அந்த நாளுக்கென்று அவன் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இரட்டைப் பெண்கள் இருவரையும் ஒரே மாதிரி உடுத்தி, வாசலுக்கு எதிரே இருக்கும் லிஃப்ட் கதவின் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பான். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று சொல்லிக்கொள்வான். அந்த லிஃப்ட் அவன் பராமரிப்பில் இருந்தது என்பதும், நடுவில் பிரியும் அந்த எஃகுக் கதவுகளை முகம் தெரியும்படி துடைத்து வைத்திருந்தான் என்பதும் சொல்லாத காரணங்கள். படம் எடுப்பவனும் கதவில் நிழலாகத் தெரிவான். பெண்கள் முன்னால் தெளிவாக, அவன் பின்னால் புகை மாதிரி. கூடத்துச் சுவரில் அந்தப் படங்கள் வரிசையாகத் தொங்கின. முதல் படத்தில் லிஃப்ட் பொத்தான் இரண்டு தலைக்கும் மேலே இருந்தது. போன வருடத்துப் படத்தில் இரண்டு பேர் காதுக்கும் நேராக வந்துவிட்டது. எல்லாப் படங்களிலும் இருவரும் ஒரே உயரம்.

பிறந்தபோது ஒன்று உருண்டையாக இருந்ததால் பட்டாணி. மற்றது சின்னதாக இருந்துகொண்டு ஆஸ்பத்திரியே அதிர அழுததால் மிளகு. நடக்கத் தொடங்கியதும் மிளகு பட்டாணியை எட்டிப் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு யார் யார் என்று பள்ளியிலேயே குழம்புவார்கள். போன வருடம் நடுவில் மிளகுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் போய்விடும் என்றுதான் நினைத்தார்கள். அது இரத்தத்துக்குள் இருந்த நோய் என்று தெரிந்த பிறகு, வீடு ஆஸ்பத்திரிக்குக் குடிபோனது மாதிரி ஆகிவிட்டது. தலைமுடி கொட்டியது, சாப்பாடு தங்கவில்லை. ஒரு நாள் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு பக்கமும் போகலாம். மனச தயார் பண்ணிக்கோங்க" என்றார்.

அன்றைக்குத்தான் அவன் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த துணிக்கடைக்குள் போனான். எதற்குப் போனான் என்று அவனுக்கே தெரியாது. தண்ணீர் வாங்க இறங்கியவன். கண்ணாடிக்குப் பின்னால் இந்தக் கவுன் தொங்கியது. பள்ளி திறக்க இன்னும் பல மாதங்கள் இருந்தன. ஒன்றே ஒன்று எடுக்கக் கை வரவில்லை. "ரெண்டும் ஒரே சைஸா சார்?" என்று கடைப்பெண் கேட்டாள். "ஒரே சைஸ்தாம்மா. ரெட்டைங்க" என்றான். பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, இரண்டு பேருக்கும் அதே கணக்கைப் போட்டு வாங்கினான். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வேலையிடத்து இரும்பு அலமாரியில், கிரீஸ் டப்பாவுக்கு மேல் தட்டில் வைத்துப் பூட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று தோன்றியது.

கலையவில்லை. மிளகு வீட்டுக்கு வந்துவிட்டாள். மருந்து நின்று, தலையில் புதுப்புல் மாதிரி முடி வந்திருந்தது. பள்ளியிலும் பெரிய மனது வைத்து பட்டாணியோடு இரண்டாம் வகுப்பிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்தது இந்தப் படம் ஒன்றுதான். ஒரே உடுப்பில், ஒரே மட்டத்தில் இருவரும் நின்றுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று அவன் நம்பிக்கொள்ளலாம்.

"வாங்கடி ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டான்.

பட்டாணிக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. மிளகு தலையை நுழைத்தாள். கவுன் தோளில் நிற்காமல் ஒரு பக்கம் வழிந்தது. விளிம்பு கணுக்காலைத் தொட்டது.

"அப்பா, இதுக்குள்ள நான் எங்க இருக்கேன்?" என்று கழுத்துப் பட்டியை முன்னால் இழுத்துப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னொருத்திக்குக்கூட இடம் இருக்கு."

"நான் வரேன்" என்று பட்டாணி குனிந்து கீழ்ப்பக்கமாகத் தலையை நுழைத்தாள். இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் தூக்குகிறான், குளிப்பாட்டுகிறான். பட்டாணி மளமளவென்று வளர்ந்து போனதும் இவள் அப்படியே நின்றுவிட்டதும் அவன் கண்ணில் படவே இல்லை. மனசு ஒத்துக்கொள்ளாததைக் கண் மட்டும் எப்படிப் பார்க்கும்.

அவன் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் நான் கண்ணாடி மாட்டி விடறேன். என் வீட்டுக்காரருக்குத்தான் பார்வை சரியில்ல" என்றாள்.

"நாடாவை இழுத்துக் கட்டினா சரியாயிடும்."

"இழுத்துக் கட்டினா மூட்டை மாதிரி இருக்கும்."

"பின்பக்கம் ரெண்டு ஊக்கு குத்திட்டா? படத்துல முன்பக்கம்தானே தெரியும். ஊக்கு எடுத்துட்டு வா."

மிளகின் சிரிப்பு நின்றது. "ஊக்கு வேண்டாம்ப்பா" என்றாள். "குத்தினது போதும்."

நாடாவைப் பிடித்திருந்த அவன் கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல முடிச்சை அவிழ்த்தான்.

மிளகு கவுனிலிருந்து நழுவி வெளியே வந்தாள். அலமாரியைத் திறந்து, அடித்தட்டைக் கிளறி, போன வருடத்துப் பச்சைக் கவுனை இழுத்தாள். முயல் தைத்த பை வைத்தது. போன முறை படத்துக்குப் போட்டது. தலையில் மாட்டிக்கொண்டு கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கச்சிதமாக இருந்தது.

"எனக்கும் முயல்" என்று பட்டாணி தன்னுடையதை எடுத்தாள். தலை போனது, கைகள் மேலே மாட்டிக்கொண்டன. துணிக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. "அவளுக்கு மட்டும் பத்துது. எனக்கு ஏன் பத்தல?"

அம்மா உருவி எடுத்தாள். மிளகு முயலைத் தடவிக்கொண்டே, பெரிய சொத்துக்காரி மாதிரி சொன்னாள்: "நீ வேகமா வளந்து தீத்துட்ட. எனக்கு இன்னும் தீரல."

"கொடுத்து வச்சவ நீ" என்றாள் பட்டாணி, மூக்கை உறிஞ்சியபடி. அந்தச் சொல்லை எங்கே பிடித்தாளோ.

"நீ புதுசு போட்டுக்கோ. நல்லாத்தான் இருக்கு" என்ற மிளகு, கட்டிலில் கிடந்த தன் கவுனை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். "இதை மடிச்சு வைப்பா. அடுத்த வருஷம் எனக்குச் சரியா இருக்கும்."

அந்த வீட்டில் பல மாதமாக யாரும் அடுத்த வருஷம் என்று சொன்னதில்லை. நாளைக்கு என்பார்கள். அடுத்த ஊசிக்கு அப்புறம் என்பார்கள். அதற்கு மேல் நாக்கு போகாது. அவன் கவுனைப் பிடித்தபடி நின்றான். மனைவியைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

"இருக்கும்தானே?" என்றாள் மிளகு.

"இருக்கும்" என்றாள் அம்மா.

"அப்ப அடுத்த வருஷம் நான் என்ன போடறது?" என்று பட்டாணி கேட்டாள். "எனக்கு இது பத்தாதே."

"உனக்குக் கோணிப்பைதான்" என்றாள் அம்மா. பிள்ளைகள் கோணிப்பை, கோணிப்பை என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்கள்.

அவன் மடித்தது சரியாக வராமல், அவள் வாங்கி மடித்தாள். முகத்தருகே கொண்டுபோய், "இதென்ன, கிரீஸ் வாடை?" என்றாள். கவுன் வந்த பையை எடுத்தாள். அதிலிருந்த கடைப் பெயரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கவுனை உள்ளே வைத்து, பையின் வாயை ஒழுங்காக இரண்டு மடிப்பு மடித்தாள்.

"நானும் அந்தக் கடை வாசல் வரைக்கும் போனேங்க" என்றாள். "உள்ள போகல."

அவன் தலையை ஆட்டினான். அவள் பையை அலமாரியின் மேல்தட்டில், எட்டினால் கைக்குப் படும்படி வைத்தாள்.

காலையில் படத்துக்குக் கிளம்பும்போது அவன் கருவிப்பெட்டியையும் கூடவே எடுத்து வந்திருந்தான். மிளகை அதன்மேல் ஏற்றி நிறுத்தலாம் என்ற எண்ணம் எங்கோ ஓரத்தில் இருந்தது. லிஃப்ட் முன்னால் கத்தரிப்பூவும் பச்சையுமாக இருவரும் நின்றார்கள். பொத்தான் பட்டாணியின் கழுத்துக்கு நேராக இறங்கிவிட்டது. மிளகுக்குப் போன வருடம் எங்கே இருந்ததோ அங்கேயே, காதுக்கு நேராக. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதே இடம். அந்த இடம் காலியாக இல்லை. கருவிப்பெட்டியைக் காலால் சுவரோரம் தள்ளினான்.

"அப்பா, பெல் அடிச்சிடுவாங்க" என்றாள் பட்டாணி.

ஃபோனை உயர்த்தினான். அதே நேரம் லிஃப்ட் வந்து நின்றது. கதவு நடுவில் பிரிந்தது. உள்ளே குப்பை வாளியோடு மேல்வீட்டு அத்தை.

"அட, படமா? நான் வேற நடுவுல வந்துட்டேனே" என்றவர் மிளகை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்க உடனே பேசினார். "ஒண்ணு குட்டையாப் போச்சு போல. ஆனா ஒண்ணும் போகல. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது."

"நான் கடுகு இல்ல அத்தை" என்றாள் மிளகு. "மிளகு."

பட்டாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை வாளி ஆட ஆடச் சிரித்தார். மிளகு தான் சொன்னதில் தானே மகிழ்ந்து அப்பாவைப் பார்த்தாள். அந்த நொடியில் அவன் படம் எடுத்துவிட்டான்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்து படத்தைப் பார்த்தான். அத்தை பாதி வெட்டுப்பட்டிருந்தார். கதவு மறுபடி மூடத் தொடங்கியிருந்தது. நடுவிலிருந்து கூண்டின் வெளிச்சம் பொழிந்து, உயர்ந்த தலையிலும் தாழ்ந்த தலையிலும் விழுந்திருந்தது. கதவோடு சேர்ந்து, அதில் விழுந்த அவன் உருவமும் இரண்டாகப் பிரிந்திருந்தது. பட்டாணிக்குப் பின்னால் ஒரு பாதி, மிளகுக்குப் பின்னால் ஒரு பாதி.