பாதிப் பஞ்சோவின் மறுபாதி

சாப்பிட உட்கார்ந்தால் யோயெல் முதலில் ஒரு கோடு போடுவான். கரண்டியின் முனையால், தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நிலம் அளக்க வந்த அதிகாரியைப் போல நிதானமாக. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது வயிற்றுக்குள் போகும். அந்தப் பக்கம் இருப்பதை யார் வந்து சொன்னாலும் தொடமாட்டான். சூப்பில் கோடு நிற்காது என்பதால் சூப்பு வைக்கிற நாளில் கொஞ்சம் திண்டாடுவான். கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, பாதி வந்துவிட்டது என்று தோன்றியதும் கரண்டியை வைத்துவிடுவான். பிறகு இரண்டு கையாலும் தட்டை மேசையின் கடைசிக்கு, அடுப்புப் பக்கமாக, தள்ளிவிடுவான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அத்தனை பிடிவாதம். அவன் அம்மா நெலிதா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், கரண்டியை விமானமாகப் பறக்கவிட்டும் பார்த்தாள். சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவன் விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்து, "ரொம்பக் கம்மியா இருக்கே செனோரா, வீட்டுல என்னதான் குடுக்கிறீங்க?" என்று கேட்டபோது வரிசையில் நின்ற தாய்மாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போயிற்று அவளுக்கு. அன்று கோழி ரத்தம் வாங்கி, வெங்காயம் புதினா போட்டுப் பொரித்தாள். அதிலும் கோடு விழுந்தது.

வேறொருத்தியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். நெலிதா பென்சிலை எடுத்தாள். பாடப்புத்தகங்களுக்கு இலையின் நரம்புகளும் பல்லின் வேரும் வரைந்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு; சிரிக்கிற படம் எதையும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. மகன் தட்டைத் தள்ளுகிற அந்தக் கையை, முழங்கை வரை குழம்பு அப்பியிருக்க, ஒரு மத்தியானம் விளையாட்டாக வரைந்தாள். பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. கணவன் வில்மெர் வீட்டைவிட்டுப் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கையிலிருந்து 'பாதிப் பஞ்சோ' பிறந்தான். பாதி உருளைக்கிழங்கு, பாதி முட்டை, பாதி வாழைப்பழம் தின்று வளர்கிற பையன். அவன் விட்ட பாதிகளை எல்லாம் வீட்டு நாய் தின்று தின்று, வாசல் வழியாக நுழைய முடியாத அளவுக்கு ஊதிப் போகிறது. கடைசியில் நாய் வீட்டையே அடைத்துக்கொள்ள, பஞ்சோ பயந்துபோய்த் தட்டை வழித்து நக்குகிறான். அந்த முடிவு, படக்கதையைப் புத்தகமாகப் போட்ட பதிப்பகத்து அம்மாள் கேட்டு வாங்கியது. பிள்ளை தட்டைக் காலி பண்ணாவிட்டால் எந்த அம்மா புத்தகம் வாங்குவாள் என்றாள். நியாயம்தானே.

புத்தகம் நன்றாகவே போனது. யோயெல் படிக்கிற மழலைப் பள்ளியில் மிஸ் சொய்லா ஒரு திங்கட்கிழமை அவளை வாசித்துக் காட்ட அழைத்தாள். முழங்கால் நெஞ்சில் இடிக்கிற சின்ன நாற்காலியில் உட்கார்ந்து நெலிதா குரலை மாற்றி மாற்றி வாசித்தாள். பிள்ளைகள் பாயில் புரண்டு சிரித்தார்கள். நாய் கதவில் மாட்டிக்கொண்ட பக்கத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார்கள். யோயெல் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் தன் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையைப் பற்றி அவள் நினைத்துக்கொண்டதெல்லாம் இப்படித்தான், சௌகரியமாக.

வாசித்து முடித்ததும் தயானா என்கிற சிறுமி கையைத் தூக்கினாள். பஞ்சோவுக்கு ஏன் மற்றப் பாதி பிடிக்கவில்லை, இரண்டும் ஒரே ருசிதானே என்று கேட்டாள். நெலிதா அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவன் அப்படித்தான், அடம் பிடிக்கிறவன் என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாள்.

"அடம் இல்ல," என்றான் யோயெல். இன்னும் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "அது அப்பாவோட பாதி. அம்மா மூடி வைக்காம சோக்லோவுக்குப் போட்டுடுறாங்க."

சோக்லோ என்பது வீட்டு நாயின் பெயர் என்று தெரிந்த பிள்ளைகள் மறுபடியும் சிரித்தார்கள். மிஸ் சொய்லா சிரிக்கவில்லை. எல்லாரும் கை கழுவ வரிசையில் நில்லுங்கள் என்று அவசரமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் நெலிதாவின் கையில் மகனின் கை வேர்த்துக் கிடந்தது. வில்மெர் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன். அவன் வீட்டில் இருந்த காலத்தில் எந்த நேரத்தில் வருவான் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லா வீட்டிலும் போல அவன் பங்கை ஒரு தட்டில் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அடுப்போரம் வைத்துவிடுவாள். கவிழ்க்கிற வேலை யோயெலுடையது. உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் கவிழ்ப்பான். வில்மெர் தக்னா என்கிற தூரத்து ஊரில் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்த அன்று அவள் அந்தத் தட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். மகனிடம் அப்பாவுக்கு இப்போது ரூட்டு நீளம், வர நாளாகும் என்று சொன்னாள். பிள்ளை அதை நம்பியது. நம்பி, தட்டு இல்லாத குறைக்குத் தன் தட்டிலேயே இடம் ஒதுக்கியது. அடுப்போரம் போய்ச் சேரட்டும் என்று கைக்கு எட்டிய வரைக்கும் தள்ளி வைத்தது. அதைத்தான் அவள் வரைந்து, ஊர் சிரிக்கக் கொடுத்திருந்தாள். தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் எல்லா வீட்டிலும் பருப்புதான். சோறு, பருப்பு, மேலே ஒரு பொரித்த முட்டை. யோயெல் கோடு போட்டான். முட்டையையும் சேர்த்துப் பிளந்தான். மஞ்சள் கரு முழுவதும் அந்தப் பக்கம் போகும்படி பிளந்தான் என்பதை இன்றுதான் அவள் கவனித்தாள். மஞ்சள் கரு என்றால் வில்மெருக்கு உயிர். தன் பாதியைத் தின்றுவிட்டு யோயெல் தட்டைத் தள்ளினான். சோக்லோ வழக்கம்போல எழுந்து வந்து வாலை ஆட்டியது.

நெலிதா நாற்காலி போட்டு ஏறி அலமாரியின் மேலிருந்து அந்தத் தட்டை எடுத்தாள். தூசியைத் துடைத்து, அவன் விட்ட பாதியின் மேல் கவிழ்த்தாள். யோயெலின் முகம் மலர்ந்தது. இப்படியே விட்டால் நாளைக்கும் மூட வேண்டும், அதற்கு மறுநாளும் மூட வேண்டும். இந்தப் பிள்ளை பாதி வயிற்றோடு வில்மெருக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ராசா, அம்மா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். அப்பா இனிமே இங்க சாப்பிட வரமாட்டாரு. அவருக்கு வேற வீடு இருக்கு."

அவன் அழுவான் என்று எதிர்பார்த்து அவள் கையை நீட்டி வைத்திருந்தாள். அவன் அழவில்லை. கவிழ்த்த தட்டின் விளிம்பில் விரலை ஓட்டினான்.

"அந்த வீட்டுல அப்பாவுக்கு யாரு மூடி வைப்பாங்க?"

அந்தப் பெண்ணின் பெயர் இந்த வீட்டுக்குள் இதுவரை வந்ததில்லை. அவளைப் பற்றி நல்லதாக ஒரு சொல் நெலிதாவின் வாயில் வந்ததே இல்லை. மகன் பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தங்க இருக்காங்க," என்றாள். "வைப்பாங்க."

"முட்டை மஞ்சளோடயா?"

"மஞ்சளோடதான்."

யோயெல் கவிழ்த்த தட்டைத் தூக்கினான், பழையபடி சத்தமில்லாமல். அதன் உள்பக்கம் ஆவி முத்து முத்தாகக் கோத்திருந்தது. கரண்டியை எடுத்து, மிச்சமிருந்த பாதியின் நடுவில் புதிதாக ஒரு கோடு போட்டான். தட்டைத் திருப்பி, மஞ்சள் கரு இருந்த பக்கத்தை அம்மா பக்கம் வைத்து, கரண்டியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் உடனே வாயில் வைக்க முடியவில்லை. தட்டில் பருப்பு இரண்டு பக்கமிருந்தும் மெல்லக் கசிந்து, அவன் போட்ட கோட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.